பாரி லிண்டன் என்னும் திரைப்படம்

தாழ்ந்த நிலையிற் பிறந்த ஒருவன் உயர்ந்த நிலையை எய்துவதாகச் சொல்லப்படும் கதைகள் எந்நாட்டிலும் மக்களால் விரும்பிக் கேட்கப்படுவன. அவற்றைக் கேட்குங்கால் நாம் கதை சொல்வானோடு ஓர் உடன்படிக்கை செய்துகொள்கின்றோம். ஏறுபவன் நல்லவனாயின் அவன் ஏற்றம் நிலைத்தல் வேண்டும். தீயவனாயின் அவன் வீழ்ந்து நொறுங்குதல் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று நிகழாவிடின் நாம் ஏமாற்றப்பட்டதாகவே கருதுகின்றோம். ஸ்டான்லி குப்ரிக் 1975-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பாரி லிண்டன்’ என்னும் ஆங்கிலத் திரைப்படம் இவ்வுடன்படிக்கையிற் கையொப்பமிட மறுக்கின்றது. அதன் தலைவன் நல்லவனும் அல்லன். நாம் மனமார வெறுத்து ஒதுக்கத்தக்க தீயவனும் அல்லன். வெளிவந்து ஐம்பதாண்டு சென்ற இப்படத்தைக் கண்ட தோழர் சிலர், பார்க்கும்போது அழகு, பார்த்தபின் கையில் ஒன்றுமில்லை என்று கூறக் கேட்டோம். அக்கூற்றை மறுத்தற்கே இக்கட்டுரை எழுதப் புகுந்தோம்.

படத்திற்கு மூலம், வில்லியம் மேக்பீஸ் தாக்கரே 1844-இல் ‘பிரேஸர்ஸ் மாகஸீன்’ என்னும் இதழிலே தொடர்ச்சியாக எழுதிய நாவலாகும். தாக்கரே 1811-இல் கல்கத்தாவிற் பிறந்தவர். கிழக்கிந்தியக் கும்பினியின் உத்தியோகஸ்தர் ஒருவரின் மைந்தர். தந்தையை இழந்து குழந்தைப் பருவத்திலேயே கப்பலேறி இங்கிலாந்து சென்றவர். மாணவராயிருந்த காலத்தே சூதாட்டத்திற் பெரும்பொருள் தோற்றவர் அவர். ஆகலின் சீட்டாட்ட மேசையின் இயல்பை ஏட்டறிவால் மட்டும் எழுதினாரல்லர் என்க.

கதைத்தலைவனின் பெயரைக் கேட்டவுடன் தமிழ் மாணவராகிய எமக்குப் பறம்புமலைக் கோமான் நினைவிற்கு வந்தமை இயல்பே. பெயரளவிலன்றி இவ்விருவர்க்கும் ஒப்புமை யாதும் இல்லை. முல்லைக்கொடிக்குத் தேரீந்தவன் அவன். ஏறிச் செல்லத் தேர் கிடைக்குமா என்று வழிநெடுகப் பார்த்து நின்றவன் இவன். ஆயினும் இந்தப் பாரியும் ஒருமுறை கொடுத்தான். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

கதை பதினெட்டாம் நூற்றாண்டில் நிகழ்வது. அயர்லாந்திலே சிறு நிலக்குடியிற் பிறந்த ரெட்மண்ட் பாரி, குதிரை வாங்குதல் பற்றி எழுந்த பூசலில் நேர்ந்த துவந்த யுத்தத்திலே தந்தையை இழந்தவன். தாய்மாமன் மகள் நோராவைக் காதலிக்கின்றான். அவளோ ஆண்டிற்கு 1,500 பவுன் வருவாயுடைய ஆங்கிலத் தளபதி குவின் என்பவனை மணக்க இசைகின்றாள். பாரி அத்தளபதியோடு துப்பாக்கிப் போர் புரிந்து அவனைக் கொன்றுவிட்டதாக எண்ணி ஊரைவிட்டு ஓடுகின்றான். உண்மையில் அத்துப்பாக்கியிற் குண்டிற்குப் பதிலாகச் சணற்பஞ்சையே இட்டிருந்தனர். பணமுள்ள மாப்பிள்ளை கைதவறிப் போகாமலிருக்க உறவினர் கூடிச் செய்த சூழ்ச்சி அது. வழியில் கொள்ளைக்காரர் கைப்பொருளையும் குதிரையையும் பறிக்க, வேறு புகலின்றி ஆங்கிலப் படையிற் சேர்கின்றான். ஏழாண்டுப் போரிற் கலந்துகொண்டு, ஓர் அதிகாரியின் உடையையும் குதிரையையும் திருடிக்கொண்டு தப்பி, பிரஷ்யப் படையில் அகப்பட்டு, ஒற்றனாகி, ஒற்றறியச் சென்ற இடத்திலே தன் நாட்டானாகிய ஒரு சூதாடியின் முன் அழுது உண்மையைச் சொல்லி அவனோடு சேர்ந்து, ஐரோப்பிய அரண்மனைகள் தோறும் சீட்டாடித் திரிந்து, இறுதியில் லிண்டன் சீமாட்டி என்னும் பெருஞ்செல்வியை 1773-இல் மணக்கின்றான். இத்தனையும் படத்தின் முற்பகுதி. பெற்றதெல்லாம் எவ்வாறு ஒழிந்தது என்பதே பிற்பகுதி.

நாவலிலே பாரி தானே தன் வரலாற்றைச் சொல்லுகின்றான். சொல்லச்சொல்ல அவன் பொய்யன் என்பது படிப்போர்க்குப் புலனாகும். அதுவே தாக்கரேயின் நகைச்சுவை. குப்ரிக் அம்முறையை விடுத்து, முகம் காட்டாத ஒரு கதைசொல்லியை அமைத்தார். மைக்கேல் ஹோர்டர்ன் என்னும் நடிகரின் குரல் அது. நன்றாக உண்டு ஓய்ந்த ஒரு முதியவர் அயலான் குடும்பக் கதையைச் சொல்வது போன்ற குரல். நிகழப்போவதை அக்குரல் முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றது. பாரிக்கு மைந்தனில்லாமற் போகும் என்பதை, அம்மைந்தன் விளையாடிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிடுகின்றது. இதனாற் சுவை குன்றும் என்று கூறுவோர் சிலப்பதிகாரப் பதிகத்தைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். கோவலன் கொலையுண்பதையும் மதுரை எரிவதையும் பதிகம் முன்னரே சொல்லிவிட்டது. அதனால் அக்காப்பியத்தை யாரேனும் மூடி வைத்தனரா? முடிவு தெரிந்தபின் ‘அடுத்து என்ன’ என்னும் பரபரப்பு ஒழிகின்றது. ‘ஐயோ, இவன் அறியானே’ என்னும் இரக்கம் அவ்விடத்தை நிரப்புகின்றது.

ஆயினும் அக்கதைசொல்லியை முற்றும் நம்பலாகாது என்பதே எம் கருத்து. அவர் பாரியை எப்பொழுதும் ஏளனமாகவே பேசுகின்றார். அவர் பேசுவதொன்று, திரையிற் காண்பது மற்றொன்று. போரிலே குரோகன் என்னும் முதிய நண்பன் குண்டுபட்டு வீழ்கின்றான். பாரி அவனைச் சுமந்து அப்பாற் கொண்டு சென்று, அவன் உயிர்விடுங்கால் முத்தமிட்டு, குழந்தை போலத் தேம்பி அழுகின்றான். ஒற்றறியச் சென்றவிடத்தும் அவ்வாறே. அயல்மண்ணிற் பல்லாண்டு பொய்ப்பெயர் சுமந்தவன், தன் நாட்டு முகமொன்றைக் கண்டவுடன் பொய்யைத் தாங்கமாட்டாமல் உடைந்துபோகின்றான். தேர்ந்த வஞ்சகன் அவ்விடத்தே அழமாட்டான். சொல்லை மட்டும் கேட்போர்க்கு இவன் கயவன். கண்ணால் நோக்குவோர்க்கு இவன் தந்தையின்றி வளர்ந்த ஒரு பிள்ளை. எந்த முதியவனைக் கண்டாலும் அவனிடத்தே தந்தையைத் தேடுகின்றான். இதனைக் கதைசொல்லி ஓரிடத்தும் வாய்திறந்து கூறவில்லை.

இனி, படம் குளிர்ந்து கிடக்கின்றது என்னும் குற்றச்சாட்டு. வெளிவந்த காலத்தே திறனாய்வாளர் சிலரும் இதனையே கூறினர். 1976-இல் ஒளிப்பதிவு, கலையமைப்பு, உடையமைப்பு, இசையமைப்பு ஆகிய நான்கிற்கும் ஆஸ்கார் விருது கிடைத்தமையும் இவ்வெண்ணத்திற்கு ஒருவாறு துணை செய்தது. படம் அணிகலன்களின் காட்சிச்சாலை என்று பேசினர். ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட். மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே சில காட்சிகளை எடுக்க விரும்பிய குப்ரிக், அமெரிக்க வானவெளி நிறுவனத்திற்காக ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தார் செய்திருந்த, ஒளியை மிகுதியாக ஏற்கும் லென்ஸுகளைத் தேடிப் பெற்றுத் தம் காமிராவிற் பொருத்தினார். அவ்வகை லென்ஸில் உருவம் தெளிவாகத் தோன்றும் ஆழம் மிகச் சிறிது. நடிகர் சிறிது முன்னே சாய்ந்தாலும் பின்னே சாய்ந்தாலும் முகம் மங்கிவிடும். ஆதலால் மேசையைச் சுற்றி அமர்ந்தோர் அசையாமல் இருக்க வேண்டியதாயிற்று.

இவ்விடர்ப்பாட்டிலேதான் படத்தின் உட்பொருள் பிறந்தது என்று யாம் கருதுகின்றோம். அந்தச் சீமான்களும் சீமாட்டிகளும் முகத்தில் வெண்பொடியும் தலையிற் செயற்கை முடியும் அணிந்து, ஓவியத்துள் வரைந்து வைத்தாற்போல் இருக்கின்றனர். கெயின்ஸ்பரோ, ஹோகார்த் முதலியோரின் சித்திரங்களைக் குப்ரிக் கூர்ந்து ஆராய்ந்தவர். ஒரு முகத்திலோ கையிலோ தொடங்கிய காட்சி மெல்ல மெல்லப் பின்வாங்கி, அம்மனிதரைப் பெருந்தோட்டத்தின் நடுவே ஒரு புள்ளியாக்கிவிடுவது இப்படத்திற் பன்முறை நிகழ்கின்றது. அசையாதவரே அங்கு மேலோர், அசைபவன் வெளியூரான். பாரியோ ஓடுகின்றான், அடிக்கின்றான், அழுகின்றான். அவன் ஓர் ஓவியத்துள் நுழைய முயன்ற மனிதன். குளிர்ச்சி உண்டு, ஆனால் அது குப்ரிக்கின் நெஞ்சிலுள்ளதன்று, அவ்வீட்டிலுள்ளது.

பாரியும் லிண்டன் சீமாட்டியும் முதன்முதற் காணும் சீட்டாட்டக் காட்சியை ஈண்டு நினைக்க. ஒரு சொல்லும் பேசாமல் மேசைக்கு இருபுறமும் மெழுகுவத்திகளின் இடையே நோக்குகின்றனர். அவள் வெளியே நிலவிற்குச் செல்கின்றாள், அவன் பின் செல்கின்றான், முத்தமிடுகின்றனர். ஷூபெர்ட் 1827-இல் இயற்றிய இசை பின்னே ஒலிக்கின்றது. கதை நிகழும் காலத்தில் ஷூபெர்ட் பிறக்கவேயில்லை. பொத்தானுக்கும் மெழுகுவத்திக்கும் கூடக் காலவழு நேராமற் காத்த குப்ரிக் இசையில் மட்டும் தெரிந்தே காலம் கடந்தார். அவர் செய்தது தக்கதே. அக்காட்சியில் அன்பு இருக்கின்றதா பணவேட்கை இருக்கின்றதா என்று வினவின், இரண்டும் இருக்கின்றன என்பதே விடை. மணமான சில நாளிலேயே வண்டியில் அவள் முகத்தருகே புகையிலைப் புகையை ஊதுகின்றான். பின்னர்ப் பணிப்பெண்களோடு களிக்கின்றான். ஒருநாள் அவள்முன் அமர்ந்து மன்னிப்பும் கேட்கின்றான். இவற்றுள் எது உண்மைப் பாரி என்று கேட்பது வீண். எல்லாம் அவனே.

எமக்கு முதன்மையாகத் தோன்றும் வினா மற்றொன்று. மேலே ஏற விரும்பியதா பாரியின் குற்றம்?

அவ்வீட்டில் உள்ளோர் யாவர் என்று பார்ப்போம். முதற்கணவர் சர் சார்லஸ், நோயாளியாய் நாற்காலியில் அமர்ந்தபடியே, தம் மனைவிமேற் கண்வைத்தவனைச் சபித்துக்கொண்டே மூச்சடைத்து வீழ்ந்தவர். குருவானவர் ரண்ட், ஒருவரிடத்தும் கடிந்த சொல் கூறாமல் எல்லாரிடத்தும் உணவருந்துபவர். திருமணத்திற்கும் அவரே, பிள்ளையின் அடக்கத்திற்கும் அவரே. சீமாட்டி வீற்றிருக்கும் ஒவ்வோர் அறையிலும் ஒரு தட்டுமுட்டுப் பொருள் போல நிற்கின்றார். திருச்சபையின் பிள்ளைகளாகிய நமக்கு அவரைக் காண நாணம் உண்டாகின்றது. பிரபுக்களோ, பாரியின் விருந்தில் உண்டு, அவன் பரிசுகளை வாங்கிக்கொண்டு, அவன் நாடிய பட்டத்தைத் தருவதுபோலத் தந்து தாமதிக்கின்றவர்கள். மன்னர் மூன்றாம் ஜார்ஜின் முன்னிலையில், பாரி தன் செலவிற் படை திரட்டி அமெரிக்காவிற்கு அனுப்பினான் என்று சொல்லப்பட, மன்னர், இன்னும் ஒன்று திரட்டி நீரும் உடன் செல்லும் என்று கூறிக் கடந்து போகின்றார். இத்தகையோர் நடுவே பாரி ஒருவன் மட்டும் பொய்யன் என்றால் அது நீதியாகாது. அவர்கள் பொய்க்கு வயது மிகுதி, அவ்வளவே வேற்றுமை.

பட்டம் தேடிய நாளில் அவன் ஓவியம் வாங்கும் காட்சி சிறியது. யாம் அதனை மறக்கவில்லை. கீழ்த்திசைச் சாஸ்திரிகள் பாலன் இயேசுவைப் பணிந்து நிற்கும் பழஞ்சித்திரம் அது. அரும்பொருளைக் குழந்தையின் காலடியில் வைத்து வணங்கும் அந்த ஞானிகளின்முன் நின்றுகொண்டு, நீலவண்ணம் நன்றாயிருக்கின்றது என்று பாரி மெச்சுகின்றான். விலை பேசுகின்றான். சித்திரத்திலுள்ளது இன்னதென்று அவன் கண் காணவில்லை. இங்கேதான் அவன் குற்றம் கிடக்கின்றது. அவன் ஏறினான் என்பதன்று. ஏறியபின் மேலிருப்போர் மதிப்பதை மட்டும் மதிக்கக் கற்றான். அவர்களிடத்து இல்லாத நல்லவை தன்னிடத்து இருந்தன என்பதை அறியாமலே போயினான்.

இவ்விடத்தே எம்மைப்பற்றியும் ஒரு சொல் கூறவேண்டியுள்ளது. இத்தகைய கல்லூரிகளிற் பயில்வோரிற் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். அவர்களும் ஏறுகின்றவர்களே, அதன்பொருட்டே அவர்கள் பெற்றோர் நகையை அடகு வைத்தனர். ஈண்டு வந்து நடையையும் உடையையும் பேச்சையும் மாற்றிக்கொள்வது தவறன்று. ஆனால் காண வந்த தந்தையாரை விடுதி வாயிலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடும் மாணவரும் உளர். தோழர் யாரென்று கேட்டால் ‘ஊர்க்காரர்’ என்று சொல்லிவிடுவோரும் உளர். பாரியைக் கயவன் என்று தீர்ப்பிடுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். அவன் தன் தாயை மறைக்கவில்லை. பெருமாளிகையின் தலைவனானவுடன் நாட்டுப்புறத்து ஐரிஷ் கைம்பெண்ணாகிய அவளை அழைத்துவந்து தன்னோடு வைத்துக்கொண்டான். சீமான்கள் நடுவே அவள் கைபிடித்து நடந்தான். ஒரு காலிழந்து சத்திரத்திற் கிடந்தபோது அவன் அருகிலிருந்தவளும் அவள் ஒருத்தியே. இந்த ஒன்றில் அவன் எம்மிற் பலரினும் நல்லவன்.

அவன் வீழ்ச்சிக்கு வாயில் திறந்தவன் சீமாட்டியின் முதல் மகன் புல்லிங்டன் பிரபு. சிறுவனாயிருந்தபோதே அவன் பாரியை ஏற்றவனல்லன்; பாரியும் பிரம்பாலன்றி அவனோடு பேசியவனல்லன். இசையரங்கு நடந்துகொண்டிருக்க, தன் காலணிகளைத் தம்பி பிரையனுக்கு மாட்டி, அவை தரையிற் சத்தமிட அழைத்துவந்து, பிரபுக்கள் முன்னிலையிலே தாயையும் பாரியையும் குத்திப் பேசுகின்றான் புல்லிங்டன். பாரி பாய்ந்து அவனைக் கைகளால் அறைகின்றான். அதுவரையில் அசையாதிருந்த காமிராவும் அப்பொழுது தடுமாறிக் கூட்டத்தினுள் நுழைகின்றது. அந்நாளோடு பிரபுக்களின் வாயில்கள் அடைபட்டன. கடன்காரரின் சீட்டுகள் மட்டும் வந்தன.

பிரையன் குதிரையினின்று வீழ்ந்து இறக்கும் பகுதியைப்பற்றி மிகுதியாக எழுத யாம் விரும்பவில்லை. படுக்கையிற் கிடந்து, தான் முன்பு கேட்ட போர்க்கதையை மீண்டும் சொல்லும்படி பிள்ளை கேட்க, வழக்கமான பொய்வீரத்தோடு தொடங்கிய தந்தை முடிக்கமாட்டாமல் உடைந்து அழுகின்றான். அடுத்த காட்சியில் ஹாண்டலின் இசையோடு, ஆட்டுக்குட்டிகள் இழுக்கும் சிறு வண்டியில் சிறு பெட்டி செல்கின்றது. குளிர்ந்த படம் என்போர் இவ்விடத்தே யாது செய்துகொண்டிருந்தனரோ அறியோம்.

இனி அவன் கொடுத்த கொடையைக் கூறுவோம். வளர்ந்து திரும்பிய புல்லிங்டன் பாரியைத் துவந்த யுத்தத்திற்கு அழைக்கின்றான். புறாக்கள் சிறகடிக்கும் பழைய களஞ்சியம் ஒன்றிலே இருவரும் நிற்கின்றனர். முதலிற் சுடும் உரிமை பெற்ற புல்லிங்டனின் துப்பாக்கி, குறிபார்க்குமுன் தானே வெடித்துவிடுகின்றது. முறைப்படி இனிப் பாரியின் முறை. இளைஞன் அச்சத்தால் ஒருபுறம் ஒதுங்கி வாந்தியெடுக்கின்றான். பாரி அவனை நெடுநேரம் நோக்கித் தன் குண்டைத் தரையிற் சுடுகின்றான். எதிரியைக் கொன்றிருந்தால் மாளிகை அவன் கையிலிருந்து போயிராது. தன் மகன் இறந்தபின், மாற்றான் மகனைக் கொல்ல அவனுக்குக் கை வரவில்லை. ஆனால் புல்லிங்டன் தான் நிறைவு பெறவில்லை என்று கூறி மீண்டும் சுட்டு அவன் காலை முறிக்கின்றான். இக்காட்சி தாக்கரேயின் நாவலில் இல்லை. அங்கே பாரி சிறையிற் கிடந்து, இறுதிவரையில் தன்னைத் தானே புகழ்ந்துகொண்டு முடிகின்றான். குப்ரிக் அவனுக்குச் சிறையைத் தவிர்த்து இந்த ஒரு நற்செயலை அளித்தார். அதற்குக் கைம்மாறாக ஒரு காலை எடுத்துக்கொண்டார். நற்செயலுக்கு நற்பயன் உடனே கிட்டும் என்று எதிர்பார்த்திருந்த தோழர் ஒருவர் இவ்விடத்தே எம்மிடம் சினந்துகொண்டார். அவர் சினத்தை யாம் மதிக்கின்றோம். ஆயினும் பயன் கருதாது செய்ததனாலன்றோ அது கொடையாயிற்று?

பின்னர் ஆண்டிற்கு 500 கினி பெற்றுக்கொண்டு, இங்கிலாந்திற்கு என்றும் திரும்பாதிருக்கும்படி அவனுக்கு ஏற்பாடாகின்றது. ஊன்றுகோல்களோடு அவன் வண்டியிலேறும் அளவிலே காட்சி அசையாமல் நின்றுவிடுகின்றது. அவனும் ஒருவழியாக ஓவியமாகிவிட்டான்.

கடைசிக் காட்சியிற் சீமாட்டி மேசையருகே அமர்ந்து, மகன் எடுத்து நீட்டும் தாள்களிற் கையொப்பமிடுகின்றாள். ரண்ட் குருவானவரும் கணக்கரும் உடனிருக்கின்றனர். தாளில் 1789 டிசம்பர் என்று எழுதப்பட்டிருக்கின்றது. கடலுக்கு அப்பால் பிரான்சிலே பாஸ்டீல் சிறை இடிந்து ஐந்து திங்களாகின்றன. அறையிலுள்ளோர் அதனை அறிந்தவராகத் தோன்றவில்லை. பாரியின் ஆண்டுத் தொகைக்குரிய தாள் வருகின்றது. அவள் கை நிற்கின்றது. மகன் தாயின் முகத்தைப் பார்க்கின்றான். அவள் எங்கோ நோக்கியிருந்து, பின் பேனாவை மையில் தோய்த்துப் பெயரை எழுதி, அடுத்த தாளுக்காகக் கையை நீட்டுகின்றாள்.